இங்கிலாந்தில் முதியோர் இல்ல வேலை: விண்ணப்பம் முதல் முதல் ஷிஃப்ட் வரை

இங்கிலாந்துக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதலில் தேடும் வேலைகளில் கேர் ஹோம் வேலையும் ஒன்று. கணவரோடு வந்த பெண்கள், முதுகலை படிக்க வந்த பிள்ளைகள், ஊரில் நர்ஸாக இருந்து இங்கே பதிவு கிடைக்கக் காத்திருப்பவர்கள் என்று பலரும் இந்தக் கதவைத் தட்டுகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். இப்போது சீனியர் கேரர். புதிதாக ஆள் எடுக்கும்போது மேனேஜர் பக்கத்தில் நானும் உட்காருவேன். நல்ல மனசும் உழைப்பும் உள்ள நம் ஊர்க்காரர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வேலை வாய்ப்பை இழந்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இல்லங்களைக் கண்காணிக்கும் அமைப்புகள் வேறு, சில நடைமுறைகளும் வேறு.

முதலில் விசாவைப் பாருங்கள்

ஊரில் இருந்தபடியே படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. கேர் வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டுவிட்டது. இன்னமும் யாராவது “லண்டன் கேர் ஹோமில் வேலை, ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடுங்கள்” என்று சொன்னால், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்றுப் பணம் கட்டி வந்து, இங்கே வேலையே இல்லாமல் நின்ற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டுக்குள்ளும் அதே எச்சரிக்கைதான். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே இங்கே இருப்பவர்களில், வேலை செய்ய உரிமையுள்ள விசாவில் இருக்கும் துணைவர்கள் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யலாம். உங்கள் இ-விசாவில், அதாவது இணையத்தில் இருக்கும் விசாப் பதிவில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை செய்ய உரிமை உண்டு என்று மேனேஜர் சரிபார்க்க, அரசு இணையதளத்தில் ‘ஷேர் கோட்’ என்ற குறியீட்டை எடுக்க வேண்டும். வேலைக்கான கோட் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். மேனேஜர் கேட்பது இதைத்தான். பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. பல ஹோம்களில் ஒரு ஷிஃப்ட் என்பது காலை 8 முதல் இரவு 8 வரை. சம்பளமில்லாத ஒரு மணி நேர இடைவேளையைக் கழித்தாலும் 11 மணி நேரம். இரண்டு ஷிஃப்ட் போட்டாலே 22 ஆகி வரம்பு தாண்டிவிடும். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஞாயிறு இரவு ஷிஃப்ட் நள்ளிரவுக்குப் பிறகு அடுத்த வாரக் கணக்கில் விழும். “ஆள் வரவில்லை, இன்னொரு ஷிஃப்ட் வா” என்று ஹோமிலிருந்து கெஞ்சுவார்கள். வரம்பு மீறினால் பாதிக்கப்படுவது உங்கள் விசா. ஒரு நீண்ட ஷிஃப்ட், ஒரு அரை ஷிஃப்ட் என்று நேர்காணலிலேயே பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் என்ன இருக்கிறது

விண்ணப்பிக்கும் முன் உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மலம், சிறுநீர் துடைக்க வேண்டும். பேட் மாற்ற வேண்டும். ஆண்களையும் பெண்களையும் குளிப்பாட்ட வேண்டியிருக்கும். நீங்கள் சைவமாக இருந்தாலும், மாட்டிறைச்சிக் கறியை ஒருவருக்கு ஸ்பூனால் ஊட்ட வேண்டி வரும். மறதி நோயில் இருப்பவர் திடீரென்று கையை ஓங்குவார், நிறத்தைச் சொல்லித் திட்டுவார். ஒரு வருஷம் தினமும் தலை வாரிவிட்ட ஒருவர் ஒரு காலையில் இறந்துபோய்க் கிடப்பார், அவர் உடம்பைத் துடைத்து நல்ல உடுப்பு மாட்டிவிடுவதும் நாம்தான். முதல் முறை நான் மருந்து அறைக்குள் போய் அழுதேன். இதெல்லாம் உங்களால் முடியுமா என்று இப்போதே தெரிய வேண்டியதில்லை. ஆனால் நேர்காணலில் கேட்கும்போது முதல்முறையாகக் கேள்விப்பட்டவர்போல முகம் மாறக் கூடாது.

எந்த ஹோம்?

இந்தியாவில் முதியோர் இல்லம் என்றால் நமக்கு மனதில் வருவது வேறு. இங்கே இரண்டு வகை. ரெசிடென்ஷியல் ஹோமில் அன்றாட உதவி மட்டும், நர்ஸ் இருக்க மாட்டார். நர்சிங் ஹோமில் எந்நேரமும் நர்ஸ் இருப்பார், படுக்கையிலேயே இருப்பவர்களும் அதிகம். புதிதாக வருபவர்களுக்கு நான் ரெசிடென்ஷியல் ஹோமைத்தான் முதலில் சொல்வேன். பேசிப் பழக நேரம் கிடைக்கும்.

இங்கிலாந்தின் எல்லா ஹோம்களையும் கேர் குவாலிட்டி கமிஷன், அதாவது சிக்யூசி, சோதனையிட்டு அறிக்கை வெளியிடுகிறது. ‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘குட்’, ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’, ‘இனாடிக்வேட்’ என்று நான்கு தரம். அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே ஆள் பற்றாக்குறை பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இரவில் 30 பேருக்கு இரண்டே கேரர் என்று படித்தால், அங்கே உங்கள் முதுகு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த அறிக்கையைப் படித்ததாக நேர்காணலில் ஒரு வரி சொன்னாலே மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். எங்களிடம் வருபவர்களில் அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

வேலை விளம்பரங்கள் அரசின் ‘ஃபைண்ட் எ ஜாப்’ தளத்திலும், இன்டீட் தளத்திலும், உள்ளூர் கவுன்சிலின் பக்கத்திலும் வரும். ஆனால் எனக்கு வேலை கிடைத்தது நேரில் போய்த்தான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஹோம்களை மேப்பில் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் படிவத்தைக் கொடுத்து மேனேஜரையும் கூப்பிட்டார். பக்கத்திலேயே வீடு என்பது காலை 8 மணி ஷிஃப்டுக்குப் பெரிய தகுதி. ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

விண்ணப்பப் படிவம்

சிவியில் புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், மதம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும்.

படிவத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ‘இடைவெளி’. முழு வேலை வரலாறும், இடையில் விட்ட காலத்துக்கு எழுத்தில் விளக்கமும் வாங்க வேண்டும் என்பது ஹோமுக்குச் சட்டக் கட்டாயம். 2016 முதல் 2019 வரை ஒன்றும் எழுதாமல் விட்டால், நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று ஆகிவிடும். “குழந்தை பிறந்தது, வீட்டில் இருந்தேன்” என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பெண் அப்படி மூன்று வருஷத்தை வெறுமையாக விட்டிருந்தார். கேட்டபோது, பக்கவாதம் வந்த மாமியாரை அந்த மூன்று வருஷமும் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். தூக்கி உட்கார வைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி! எங்களுக்கு வேண்டிய அனுபவம் அத்தனையும் அதில் இருந்தது. அதை அவர் வேலையென்றே நினைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

ரெஃபரன்ஸ், அதாவது உங்களைப் பற்றி உறுதி சொல்பவர்கள், வழக்கமாக இரண்டு பேர். ஒருவர் கடைசியாக வேலை பார்த்த இடத்து மேலாளர். சொந்தக்காரர் கூடாது. நிறுவன மின்னஞ்சல் முகவரிதான் வேண்டும், ஜிமெயில் என்றால் பல ஹோம்கள் ஏற்பதில்லை. ஊரில் பழைய அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் போட்டு, “இப்படி ஒரு படிவம் வரும், இரண்டு நாளில் பதில் போட்டுவிடுங்கள் சார்” என்று சொல்லி வையுங்கள். எனக்கு ஊரிலிருந்து பதில் வராமல் ஐந்து வாரம் வேலை தள்ளிப்போனது.

‘ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்’ என்ற பெட்டியில் “முதியவர்களுக்குச் சேவை செய்வது எனக்குப் பிடிக்கும்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் பார்த்த ஒரு முதியவரைப் பற்றி, நீங்கள் அவருக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் பத்தியை ஒட்ட வேண்டாம். ஒரே வாரத்தில் ஒரே பத்தி மூன்று பேரிடமிருந்து வந்ததை நான் படித்திருக்கிறேன்.

கேர் சர்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் வேலை என்று சொல்லிப் பயிற்சி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். 2015இல் வந்த அந்தச் சான்றிதழ், சேர்ந்த பிறகு ஹோமே சொல்லிக்கொடுத்து, வேலையில் பார்த்து மதிப்பிட்டுத் தருவது.

நேர்காணல்: நம் பழக்கம் இடறும் இடம்

என் முதல் நேர்காணலில் நான் தோற்றேன். வேறொரு ஹோம் அது. “ஒரு ரெசிடென்ட் (இல்லத்தில் வாழும் முதியவர்) சாப்பிட ரொம்ப நேரம் எடுக்கிறார், என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். பெருமையாகச் சொன்னேன்: “நானே ஊட்டிவிடுவேன்.” அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: “அவரால் ஸ்பூனைப் பிடிக்க முடியுமே?” எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

நம் வீடுகளில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் அவர்களை அசையவிடாமல் எல்லாவற்றையும் நாமே செய்வது. “நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கிறேன்” என்பதுதான் மரியாதை. இங்கே அது அவர்களிடம் மிச்சமிருக்கும் தெம்பைப் பறிப்பதாக ஆகும். ஸ்பூனை ஒரு மாதம் நாம் பிடித்தால், அடுத்த மாதம் அவருக்குப் பிடிக்க வராது. எங்கள் ஹோமில் ஒரு தாத்தா காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். ஐந்து பொத்தானுக்குப் பதினொரு நிமிஷம். பக்கத்தில் நின்று, கடைசிக் கழுத்துப் பொத்தானை மட்டும், “இதை நான் போடட்டுமா?” என்று கேட்டுப் போடுவோம். அந்தப் பதினொரு நிமிஷம் சும்மா நிற்கத் தெரிவதுதான் வேலையில் பெரிய பாகம். நேர்காணலில் அவர்கள் தேடுவதும் இதைத்தான்: இவர் கேட்டுச் செய்வாரா, தானாகச் செய்துவிடுவாரா?

அதனால் எந்தக் கேள்விக்கும் ‘நான் செய்வேன்’ என்று தொடங்கும் முன், ‘அவரைக் கேட்பேன்’ என்று தொடங்கிப் பாருங்கள். “குளிக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வி பெரும்பாலும் வரும். “அன்பாகப் பேசிக் குளிக்க வைத்துவிடுவேன்” என்பது நம் பதில். அவர்கள் எதிர்பார்ப்பது: ஏன் என்று கேட்பேன், குளிராக இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது வேண்டாமென்றால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வருவேன். வேறு கேரரை அனுப்பிப் பார்ப்பேன், முகமும் கையும் மட்டும் துடைக்கட்டுமா என்று கேட்பேன். அப்போதும் மாட்டேன் என்றால் மறுத்ததை எழுதி வைத்து, சீனியரிடம் சொல்வேன். 2005ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி சட்டம், ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிரூபிக்கும்வரை அவரால் முடியும் என்றே கொள்ளச் சொல்கிறது. நமக்குச் சரியென்று படாத முடிவாக இருந்தாலும் அது அவர் முடிவு. சட்டத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கருத்து உங்கள் பதிலில் இருந்தால் போதும்.

இன்னொன்று, “சக கேரர் ஒருவர் ரெசிடென்டைத் திட்டுவதைப் பார்க்கிறீர்கள்.” நாம் தயங்குவோம். கூட வேலை பார்ப்பவரைப் போட்டுக்கொடுப்பதா என்று தோன்றும். பதிலில் தயக்கமே கூடாது. முதலில் முதியவரின் பாதுகாப்பைப் பார்ப்பேன், உடனே சீனியரிடமோ மேனேஜரிடமோ சொல்வேன், பார்த்ததை எழுதிக்கொடுப்பேன். மேனேஜரே சம்பந்தப்பட்டிருந்தால் கவுன்சிலுக்கோ சிக்யூசிக்கோ சொல்வேன். ஒரு ரெசிடென்ட் “யாரிடமும் சொல்லாதே” என்று சொல்லி எதையாவது சொன்னால், ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் விஷயமும் உண்டு. 88 வயதுப் பெண்மணியை டோரத்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு கூசும். பாசமாக ‘கிரான்னி’ என்று ஆரம்பிப்போம். அவர் யாருக்கும் பாட்டியாக இல்லாமலே வாழ்ந்தவராக இருக்கலாம். “எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்பேன்” என்பதுதான் சரியான பதில்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இலக்கணத்தை யாரும் அளப்பதில்லை. ஆனால் அன்றாடக் குறிப்பு எழுதத் தெரிய வேண்டும். சில ஹோம்களில் அங்கேயே உட்கார்ந்து ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். “நன்றாகச் சாப்பிட்டார்” என்பது குறிப்பாகாது. “அரைக் கிண்ணம் கஞ்சி, 150 மில்லி தேநீர், காலை 8.40” என்பதுதான் குறிப்பு. இதை வீட்டில் பத்து நாள் எழுதிப் பழகுங்கள்.

கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை ரெசிடென்டுக்கு எத்தனை கேரர், முதல் சில ஷிஃப்ட் ஒருவரோடு சேர்ந்து நிற்க விடுவார்களா, இடைவேளைக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். மூன்றும் நியாயமான கேள்விகள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வேலை உறுதியான பிறகு

டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். முதியோர் இல்லத்துக்கு உயர்நிலைச் சோதனை. ஐந்து வருஷ முகவரி கேட்பார்கள். இந்திய முகவரிகளையும் மாதம், வருஷத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்த காலத்துக்குப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கி வருவது அலைச்சலைக் குறைக்கும். டிபிஎஸ் சான்றிதழ் தபாலில் உங்கள் கைக்குத்தான் வரும். அது வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் டிபிஎஸ்ஸின் ‘அப்டேட் சர்வீஸ்’ என்ற இணையச் சேவையில் வருஷத்துக்கு 16 பவுண்ட் கட்டிப் பதிந்துகொண்டால், அடுத்த ஹோமுக்கு மாறும்போது இதே சான்றிதழ் உதவும்.

சம்பளம்: 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்ட். 11 மணி நேர ஷிஃப்டுக்கு 139.81. வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஒப்பந்தத்தில் ‘ஜீரோ அவர்ஸ்’ என்று இருந்தால் வாரம் இத்தனை மணி நேரம் என்ற உறுதி கிடையாது, வாடகை கட்டுகிறவர்கள் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா, எத்தனை மாதத்துக்குள் என்று பாருங்கள்.

முதல் ஷிஃப்ட்

முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. கண்ணாடி வளையல், கல் மோதிரம், கைக்கடிகாரம், நகச்சாயம் எல்லாம் வீட்டோடு. காரணம் இருக்கிறது: தொண்ணூறு வயதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. மோதிரக் கல் லேசாக உரசினாலே கிழிந்து, ஆற வாரக்கணக்காகும். தாலிக்கொடி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஹோமில் சட்டைக்குள் இருந்தால் போதும். உங்கள் ஹோமில் மேனேஜரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் வெளியே தொங்கவிடாதீர்கள், மறதியில் இருப்பவர் பிடித்து இழுத்தால் கழுத்துக்கு ஆபத்து.

யாராவது தண்ணீர் கேட்டால் ஓடிப்போய்க் கொடுக்காதீர்கள். இது நமக்கு மிகவும் கஷ்டம், தாகம் என்றவருக்குத் தண்ணீர் மறுப்பது நம் ரத்தத்திலேயே இல்லை. ஆனால் விழுங்கச் சிரமப்படுகிறவருக்குச் சாதாரணத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்குத் திக்னர் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். “இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, அவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கேர் பிளானைப் பாருங்கள், அல்லது கூட இருப்பவரைக் கேளுங்கள். அதேபோல, ஆளைத் தூக்கும் கருவியான ஹாய்ஸ்டைப் பயிற்சி முடியும்வரை தொடாதீர்கள். முடிந்த பிறகும் தனியாக வேண்டாம், கட்டாயம் இரண்டு பேர். “சீக்கிரம் தூக்கிவிடு” என்று பழைய கேரர் அவசரப்படுத்தினாலும், “எனக்கு இன்னும் பயிற்சி தரவில்லை” என்று நின்றுவிடுங்கள்.

பாக்கெட்டில் சின்ன நோட்டு ஒன்றும் பேனாவும் வேண்டும். ரெசிடென்டுகளின் பெயரையோ நோயையோ அதில் எழுதக் கூடாது. இந்த ஊர்ப் பெரியவர்கள் பேசும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். ‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை. ‘பார்ச்ட்’ என்றால் நாக்கு வறண்டு தாகமாக இருக்கிறது. ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று ஒரு பெண்மணி என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஏதோ காசு கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். அவர் கேட்டது பாத்ரூம் போக. எனக்குப் புரிவதற்குள் அவர் பாவாடை நனைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் நோட்டில் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.